கலெக்டர் மேசையும் ஒரு ஸ்க்ரூவும்

போன மாதம் கருங்குழியில் தாத்தா வீட்டைக் காலி செய்தோம். மரச்சாமான்களை மூன்றாகப் பிரித்தோம்: வைத்துக்கொள்வது, கேட்டவர்களுக்குக் கொடுப்பது, விறகுக்குப் போவது. எல்லாம் சுலபமாகப் போய்க்கொண்டிருந்தது, ஒரு மேசை வரும் வரை.

"இது கலெக்டர் ஆபீஸ் மேசைடா. துரை உட்கார்ந்து கையெழுத்து போட்டது" என்றார் சித்தப்பா.

சும்மா சொல்லவில்லை. 1795 முதல் 1825 வரை செங்கல்பட்டு ஜில்லாவுக்குத் தலைமையிடம் கருங்குழிதான். பழைய சாமான் வாங்க வந்தவரும் இந்தக் கதையைக் கேட்டதும் விலையை ஏற்றினார். கதைக்காக ஒருத்தர் காசு கொடுக்கிறார் என்றால், அது நிஜமா என்று நாம பார்த்துவிட வேண்டாமா?

ஒரு மேசையின் வயது மேற்பலகையில் தெரியாது. அதை எத்தனை முறை இழைத்து பாலிஷ் போட்டார்களோ! யாரும் தொடாத அடிப்பக்கத்தைப் பார்க்கணும். மேசையைக் கவிழ்த்து, டிராயர் பூட்டைப் பிடித்திருந்த ஸ்க்ரூவைக் கழற்றினேன். நுனி ஊசி மாதிரி கூராக இருந்தது.

இதில்தான் விஷயம். 1840களுக்கு முன்னால் மர ஸ்க்ரூவின் நுனி மழுங்கலாகத்தான் இருக்கும். முதலில் துளை போட்டுவிட்டுத்தான் முடுக்க முடியும். கூர் நுனி ஸ்க்ரூ இயந்திரத்தில் ஏராளமாகச் செய்யப்பட்டது அதற்குப் பிறகுதான்.

பின்னாளில் யாராவது பூட்டை மாற்றியிருக்கலாமே? நியாயமான கேள்வி. மாற்றியிருந்தால் பழைய துளையோ அடைத்த தடமோ இருக்கணும். தேடினேன், இல்லை. டிராயரின் பின்பலகையோ பிளைவுட். துரைமார் காலத்தில் அது ஏது? மேசை 20ஆம் நூற்றாண்டுக் காரியம்.

அடுத்தது, தேறுமா தேறாதா. கால்களில் பொடிப்பொடியாக வண்டுத் துளைகள். தரையில் வெள்ளைத் துணி விரித்து, காலை லேசாகத் தட்டினேன். வெளிர் நிறத்தில் புதுத் தூள் கொட்டினால் உள்ளே வண்டு இருக்கலாம். அந்தச் சாமானை மற்றதோடு சேர்த்து வைக்கக் கூடாது. ஒன்றும் கொட்டவில்லை. துளைகளின் ஓரமும் கறுத்துப் பழசாகியிருந்தது. பிழைத்தது.

பாலிஷைச் சுரண்டுவதற்கு முன் ஒரு சோதனை. மறைவான இடத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை ஒரு நிமிஷம் வைத்தேன். பிசுபிசுவென்று இளகியது. அப்படியென்றால் அரக்கில் செய்த பிரெஞ்ச் பாலிஷ். இதற்கு உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே வேண்டாம். அழுக்கைத் துடைத்துவிட்டு, அதன் மேலேயே மெல்லிசாக அரக்கு பாலிஷ் பூசினால் போதும், பழையதோடு ஒட்டிக்கொள்ளும். பச்சை பெயின்ட் அடித்த ஸ்டூல் ஒன்றும் இருந்தது. அதையும் தேய்க்கவில்லை. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூசி குழந்தைகளுக்கு ஆகாது. நம் நாட்டில் வீட்டு பெயின்ட்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் என்ற வரம்பு அமலுக்கு வந்ததே 2017இல்தான்.

சித்தப்பாவிடம் சொல்லத்தான் சங்கடமாக இருந்தது. ஸ்க்ரூவைக் கையில் கொடுத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் அதை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"சரி, துரை உட்காரல. எங்கப்பா உட்கார்ந்தாரு இல்ல?"

மேற்பலகையின் வலது ஓரத்தில் தாத்தாவின் மசிக்கறை உள்ளங்கை அகலத்துக்கு இருக்கிறது. வாங்க வந்தவரிடம் உள்ளதைச் சொன்னோம். பாதி விலைக்குக் கேட்டார், கொடுக்கவில்லை. பாலிஷ் போட வந்த ஆசாரி, "கறையை எடுத்துடட்டுமா சார்?" என்றார். வேண்டாம் என்று சித்தப்பாவே முந்திக்கொண்டு சொன்னார்.