நடுங்கும் கைக்கு ஏன் இதயக் குளிசை?

இரத்த அழுத்தத்துக்கும் நெஞ்சுப் படபடப்புக்கும் கொடுக்கப்படும் புரொப்பிரனலோல் குளிசை, கை நடுக்கம் என்று போனவரின் கிளினிக் அட்டையிலும் எழுதப்படுவது ஏன் என்ற கேள்வி, பெரகல, அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டங்களில் எழுவது இயல்பே. இதயக் கோளாறு ஏதோ இருப்பதை மறைக்கிறார்களோ, மருந்து மாறிவிட்டதோ என்று அஞ்சுவோர் ஒருபுறம் இருக்க, நரம்புத் தளர்ச்சியை அடியோடு போக்கும் மருந்தென்று அதே குளிசையை நம்பிவிடுவோரும் உண்டு. இந்த மருந்து நோயின் மூலத்தைத் தொடுவதில்லை. மூளையிலிருந்து புறப்பட்ட நடுக்கம் கையை வந்தடையும் கடைசி இடத்தில், தசைநாருக்குள்ளே, அது தன் வேலையைச் செய்கிறது.

எசென்ஷியல் ட்ரெமர் என்று வைத்தியர்கள் குறிப்பிடும் முதன்மை நடுக்கம், வேறொரு நோயின் விளைவாக வராமல் தானாகவே தோன்றி, பெரும்பாலும் குடும்பவழியில் தொடர்வது. 100 பேரில் ஏறத்தாழ ஒருவரிடமும், 65 வயதைக் கடந்தோரில் 100க்கு நான்கைந்து பேரிடமும் அது இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகளின் தொகுப்பு கணிக்கிறது. பார்க்கின்சன் நோயில் மடிமேல் சும்மா கிடக்கும் கை நடுங்கும். முதன்மை நடுக்கத்திலோ சும்மா இருக்கும்வரை அடங்கியிருக்கும் கை, பிளேன்டீ கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகும்போதும், ஊசியில் நூல் கோக்கும்போதும், சேமலாப நிதிப் படிவத்தில் கையொப்பமிடும்போதும் உதறத் தொடங்கும். நரம்பியல் நிபுணர் ஒரு தாளைக் கொடுத்து, நடுவிலிருந்து வெளிநோக்கி விரியும் சுருள்கோடு ஒன்றை வரையச் சொல்லும்போது, பார்க்கின்சன் நோயாளரின் சுருள் சிறுத்து நெருங்கிப்போக, முதன்மை நடுக்கம் உள்ளவரின் சுருள் அகலமாகவே வளர்ந்து, கோடு நெடுகச் சீரான அலைகளைக் காட்டும். சிறிதளவு மது இந்த நடுக்கத்தைச் சில மணி நேரம் தணித்து, போதை இறங்கியதும் முன்னிலும் மோசமாகத் திரும்பவிடும் என்பதால், அந்த நிவாரணத்தைத் தேடிக் குடிக்குள் விழுந்தோரும் இருக்கிறார்கள். வாழ்நாளில் ஒரு சொட்டும் தொடாத முதியவரையும் கை நடுங்குகிறது என்பதற்காகக் குடிகாரர் என்று லயத்தில் பேசுவது பெரும் அநியாயம்.

சிறுமூளையையும் தலாமசு என்னும் மூளையின் நடுப்பகுதியையும் புறணியையும் இணைக்கும் நரம்புச் சுற்றில், விநாடிக்கு 4 முதல் 12 தடவை வரையான அலைவு எழுந்து, தண்டுவடம் வழியே கைத்தசைக்கு இறங்குகிறது. தசைநார் ஒவ்வொரு தூண்டலுக்கும் ஒருமுறை சுருங்கித் தளர்கிறது. அடுத்த தூண்டல் வருமுன் முந்திய சுருக்கம் முழுதாகத் தளராவிட்டால் இரண்டும் கலந்து இழுவிசை சீராகும், தளர்ந்துவிட்டால் துடிப்புகள் தனித்தனியே பிரிந்து கை உதறும். லயத்துத் தகரக் கூரையில் விழும் மழையில், ஒவ்வொரு துளியின் ஓசையும் சற்று நீண்டால் எல்லாம் ஒரே இரைச்சலாகக் கலப்பதும், ஓசை சட்டென அறுந்தால் ஒவ்வொரு துளியும் தனியே தட்டுவதும் போன்றது இது. பதற்றத்தின்போது இரத்தத்தில் பெருகும் அட்ரினலின், தசைநாரின் மேற்பரப்பில் உள்ள பீட்டா-2 ஏற்பி என்னும் புரதத்தில் பொருந்த, உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்னும் செய்தி மூலக்கூறு கூடி, சுருக்கத்தை நடத்திய கல்சியத்தை வழக்கத்தைவிட வேகமாகச் சேமிப்பறைக்குத் திரும்ப இறைக்கவைக்கிறது. கையை நிலையாகப் பிடித்து நிறுத்த உதவும் மெதுவகை நார்கள் இதனால் முன்கூட்டியே தளர்ந்து, துளிகள் தனித்தனியே கேட்கத் தொடங்குகின்றன. அயலார் முன் கையொப்பமிடும்போது நடுக்கம் கூடுவதன் இரகசியம் இதுவே. புரொப்பிரனலோல் அந்த ஏற்பியில் அட்ரினலினுக்கு முன்பாகவே போய் அமர்ந்துகொள்வது, தகரத்தின் மேல் நனைந்த சாக்கை விரிப்பதற்குச் சமம்: மேகம் கலையவில்லை, துளிகளின் எண்ணிக்கை குறையவில்லை, ஆனால் தட்டல் மழுங்குகிறது, சாக்கை எடுத்தால் மறுபடியும் கேட்கும், ஆலங்கட்டி விழுந்தால் சாக்கும் உதவாது, சாக்கின் பாரத்தைக் கூரை தாங்குமா என்றும் பார்த்தாக வேண்டும்.

இதற்குச் சான்று அளவீட்டில் இருக்கிறது. அசைவை அளக்கும் முடுக்கமானியைக் கையில் கட்டிப் பார்த்தால், மருந்து பலித்தவர்களிடம் நடுக்கத்தின் வீச்சு சராசரியாகப் பாதியாகக் குறைந்தும், விநாடிக்கு எத்தனை தடவை என்ற கணக்கு மாறாமலும் இருக்கிறது. இதயத்தின் பீட்டா-1 ஏற்பியையே முதன்மையாகக் குறிவைக்கும் அடினலோல் வலுக்குறைந்து நிற்க, மூளைக்குள் அரிதாகவே நுழையும் நடலோல் பயன் தருவது, செயற்களம் தசையே என்று காட்டுகிறது. எனினும், மருந்தை நேரே இரத்தக் குழாயில் செலுத்திய 1975ஆம் ஆண்டுச் சோதனையில் நடுக்கம் உடனே தணியாமையால், மூளையிலும் அதற்கு ஒரு பங்கு உண்டு என்போரின் வாதம் இன்னும் ஓயவில்லை.

வரலாற்றுக்குச் சில வரிகள் போதும். ஏற்பிகளை ஆல்பா, பீட்டா என்று 1948இல் பிரித்துக் காட்டியவர் அமெரிக்காவின் ரேமண்ட் அல்குவிஸ்ட். அதைப் பின்பற்றி 1960களில் புரொப்பிரனலோலை உருவாக்கிய பிரித்தானியரான ஜேம்ஸ் பிளாக் 1988இல் நோபல் பரிசு பெற்றார். முதன்மை நடுக்கத்தில் அதைத் தொடர்ந்து எடுப்பது பலன் தருவதை 1974இல் விங்க்ளரும் யங்கும் விளக்கி எழுதினர். இதற்கு மாற்றாகத் தரப்படும் பிரிமிடோனும் வலிப்பு நோயிலிருந்து இரவல் வந்ததே.

மூளைக்குள் மின்முனை பதிப்பதும், குவித்த ஒலியலையால் தலாமசில் ஒரு புள்ளியைச் சுடுவதும் மெய்யான சிகிச்சைகள்தாம். ஆனால் 'நடுக்கத்துக்கு முற்றுப்புள்ளி' என்ற தலைப்புகளுக்குக் கீழே, அவை கடுமையான நடுக்கம் கொண்ட சிலருக்கே உரியவை என்பது எழுதப்படாமல் போகிறது. புரொப்பிரனலோலைப் பற்றியும் மிகைப்படுத்த வேண்டியதில்லை: அரைவாசிப் பேருக்குச் சற்று அதிகமானோரே நல்ல பலன் காண்கிறார்கள், தலை நடுக்கத்திலும் குரல் நடுக்கத்திலும் பலன் இன்னும் குறைவு. ஆயினும் இது பழைய, மலிவான மருந்து. மருந்துகளைப் பொதுப் பெயரால் வாங்கும் முறைக்கு 1971இல் உருவான அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் வழியே மருந்தியல் பேராசிரியர் சேனக்க பிபிலே அடித்தளமிட்ட இலங்கையில், மலிவாக இருப்பதும் மருந்தின் ஒரு குணமாகவே மதிக்கப்பட வேண்டும்.

ஊவாவின் மலைகளில் இந்த மருந்தின் பாரம் தனியாக உணரப்படும். செங்குத்தான மலையில் கூடையோடு ஏறுபவரின் நாடி தேவைக்கேற்ப உயராதபடி மருந்து தடுப்பதால் களைப்பு விரைவில் வரும். குளிரில் விரல்கள் மேலும் சில்லிடும். நீரிழிவுக்கு மருந்தெடுப்பவரிடம் சர்க்கரை தாழும்போது எச்சரிக்கும் படபடப்பும் நடுக்கமும் மறைந்து வியர்வை மட்டுமே மிஞ்சும். ஆஸ்துமா உள்ளவருக்கு இது ஆகவே ஆகாது: அவர் உள்ளிழுக்கும் சல்பியூட்டமோல் அதே பீட்டா-2 ஏற்பியைத் தூண்டி மூச்சுக்குழாயைத் திறக்கிறது, கையையும் நடுங்கவைக்கிறது, புரொப்பிரனலோல் கையை அடக்கும்போது மூச்சுக்குழாயையும் இறுக்கிவிடும். ஆகவே இளமையில் இழுப்பு இருந்தது, எப்போதோ பம்ப் பாவித்தது என்பதையும் வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். திடீரென்று நிறுத்தினால் அதுவரை அடக்கப்பட்டிருந்த இதயம் அட்ரினலினுக்கு மிகையாகத் துடித்து, நெஞ்சு நோயுள்ளவருக்கு ஆபத்தாகலாம் என்பதால், மண்சரிவால் வீதி மூடப்பட்டுக் கிளினிக் தவறும் மழைக்காலத்துக்கென்று இரண்டு வாரக் குளிசையாவது கையிருப்பில் வைத்திருப்பது நல்லது, முற்றாக விட வேண்டுமானால் வைத்தியர் சொல்லும் கணக்கில் சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும்.