நோவில்லாத கடி

பாம்பு தீண்டினால் கடிவாய் எரியும், வீங்கும் என்பதே நம்முட் பலர் கொண்டுள்ள எண்ணம். நோவில்லையேல் நஞ்சுமில்லை என்று துணிவோரும் உளர். அத்துணிவே உயிருக்கு உலையாகிவிடுவதுண்டு.

லுணுகலைத் தோட்டங்களில், தேயிலைச் செடியின் அடியிற் சருகினுட் கிடக்கும் கோப்பி விரியன் தீண்டினால், கடியுண்ட இடம் விரைவில் வீங்கி வலிக்கும். அவ்வலியே மனிதனை மருத்துவரிடம் துரத்தும். மலையிறங்கிப் பிபிலைப் பக்கஞ் சென்றாலோ, வறண்ட தாழ்நிலத்தில் வாழும் கட்டுவிரியனின் இயல்பு வேறு. இரவில் நடமாடும் அப்பாம்பு, தரையில் உறங்குவோரைத் தீண்டும். கடிவாயில் பெரும்பாலும் வீக்கமில்லை, எரிவில்லை. பற்குறி காண்பதும் அரிது. சில மணி நேரத்தில் வயிற்றுவலி எழும். பின்னர் இமைகள் தாமே தாழும், பேச்சுக் குழறும், எச்சிலும் விழுங்க இயலாது.

இதன் காரணம் யாது? நரம்பின் நுனிக்கும் தசைக்கும் இடையே நுண்ணிய இடைவெளி ஒன்று உண்டு. மூளையின் கட்டளை நரம்பின் நுனியை அடைந்ததும், அங்கிருந்து அசற்றைல்கோலின் என்னும் இரசாயனப் பொருள் வெளிப்பட்டு, இடைவெளியைக் கடந்து, தசையிலுள்ள வாங்கிகளிற் பொருந்தும். அப்பொழுதே தசை சுருங்கும். அப்பொருளைத் திறப்பாகவும் வாங்கியைப் பூட்டாகவும் கொள்வோம். நாகத்தின் நஞ்சு பூட்டின் துளையை அடைத்துவிடுகின்றது. கட்டுவிரியனின் நஞ்சோ துளையை அடைப்பதோடு நில்லாது, திறப்பை அனுப்பும் நரம்பு நுனியையும் சிதைக்கின்றது. 1963ஆம் ஆண்டில் தைவான் நாட்டு ஆய்வாளர்களான சாங், லீ ஆகிய இருவரும், அந்நாட்டுக் கட்டுவிரியன் இனமொன்றின் நஞ்சிலிருந்து இவ்விருவகைப் பொருள்களையும் பிரித்துக் காட்டினர்.

இறுதியிற் சோர்வன மூச்சுத் தசைகளே. நோயாளியின் அறிவு பெரும்பாலும் தெளிந்திருக்கும், இதயமும் துடிக்கும், மூச்சிழுக்க மட்டும் வலுவிராது. பாம்பு நஞ்சுக்கு எதிரான மருந்து, குருதியில் உலாவும் நஞ்சை முறிக்கும். சிதைந்துபோன நரம்பு நுனியை மீட்காது. ஆகவே அது காலந் தாழ்த்தாது கிடைத்தல் வேண்டும். நுனிகள் மீண்டும் வளரும் வரை, நாட்கணக்கிற் செயற்கைச் சுவாசக் கருவியே நோயாளிக்குத் துணை.

இப்பாம்புக்கு எட்டடி விரியன் என்றும் ஒரு பெயருண்டு. எட்டடி நடக்குமுன் உயிர் போகும் என அஞ்சுதல் வேண்டா. பெரும்பாலும் சில மணி நேரம் நமக்குக் கிடைக்கின்றது. கடிவாயைக் கீறுவதிலும், கயிற்றால் இறுக்கிக் கட்டுவதிலும், வலி வரட்டுமெனக் காத்திருப்பதிலும் அதனைக் கழித்தலே ஆபத்து. கடியுண்டவரை அசையாது கிடத்தி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். உறங்கி எழுந்தவருக்குக் காரணமின்றி வயிறு வலித்து இமை தாழுமாயின், பாம்பைக் காணாவிடினும் ஐயுறுங்கள்.

2016இல் வெளியான நாடளாவிய ஆய்வொன்று, இலங்கையில் ஓராண்டிற் பாம்புக்கடிக்கு ஆளாவோர் ஏறத்தாழ 80,000 பேர் என்றும், இறப்போர் 400க்கு மேற்பட்டோர் என்றும் மதிப்பிட்டது. கட்டிலும், பாயின் அடியிற் செருகிய நுளம்பு வலையும் தடுக்கக்கூடிய மரணங்களும் அவற்றுள் உள்ளன என்பதை மறவாதிருப்போமாக.