நெஞ்சு வலியா, வாயுவா?

மாரடைப்பை அஜீரணம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினால் அது வெறும் பிழையா, அலட்சியமா? சட்டம் இரண்டையும் பிரித்தே பார்க்கிறது.

இரவு 2 மணி. மேல்வயிற்றில் எரிச்சல், உடம்பெல்லாம் வியர்வை, ஒரு முறை வாந்தி. "சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை" என்கிறார்கள் வீட்டில். "வாயுக் கோளாறு" என்கிறார் டாக்டர். ஒரு ஊசி, நாலு மாத்திரை. விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. இந்தியாவில் எந்த ஊருக்கும் பழகிப்போன கதை இது. ஆனால் அந்தமானின் டாலிகஞ்ச் போன்ற ஓர் இடத்தில் இது நடந்தால் சிக்கல் இன்னும் கூடுதல். பெரிய டாக்டரிடம் காட்டலாம் என்றால் சென்னை சுமார் 1,200 கி.மீ. கடலுக்கு அப்பால் இருக்கிறது. கப்பலில் போனால் ஏறக்குறைய மூன்று நாள்.

நோய்க்குத் தவறான பெயர் வைத்தால் என்ன ஆகும் என்பதை டாலிகஞ்ச் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. போர்ட் பிளேரை (2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஒட்டிய இந்தப் பகுதியில்தான் 1983ல் தொடங்கப்பட்ட இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் வட்டார மையம் இருக்கிறது. 1988 முதல் வடக்கு அந்தமானின் திக்லிப்பூரில் மழைக்காலம் முடியும்போதெல்லாம் ஒரு மர்மக் காய்ச்சல் தலைகாட்டியது. இருமலில் ரத்தம் வந்தது, உயிர்கள் போயின. 'அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்' என்று பெயர் சூட்டினார்கள். அது பென்சிலினுக்குக் கட்டுப்படும் எலிக்காய்ச்சல்தான் என்பது தெரியவந்தது 1993ல். சரியான பெயர் கிடைக்க ஐந்து ஆண்டுகள்.

மாரடைப்பில் அந்த அவகாசம் கிடையாது. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்ட நிமிடத்திலிருந்தே தசை சாகத் தொடங்குகிறது. கட்டியைக் கரைக்கும் மருந்து முதல் சில மணி நேரத்தில்தான் நன்றாக வேலை செய்யும். 12 மணி நேரம் தாண்டினால் பலன் பெரிதும் குறைந்துவிடுகிறது. ஆஞ்சியோபிளாஸ்டி வசதி இல்லாத ஊரிலும் இந்த மருந்தைக் கொடுக்க முடியும். ஆனால் நோய் இன்னதென்று முதலில் யாராவது கண்டுபிடிக்க வேண்டும்.

சிக்கலே அங்கேதான். மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்வது சினிமா மாரடைப்பு. இதயத்தின் அடிப்பகுதி பாதிக்கப்பட்டால் வலி வயிற்றில் தெரியலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமலும் போகலாம். பெண்களுக்கு மூச்சுத் திணறலும் அசதியும் மட்டுமே இருக்கலாம். வாயு மருந்து குடித்ததும் எரிச்சல் தணிந்தது என்பதும் இதயம் நன்றாக இருப்பதற்குச் சான்று அல்ல. முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்து, அரை மணி கழித்து எடுத்தது கோளாறைக் காட்டுவதும் உண்டு. மாரடைப்பைக் காட்டிக்கொடுக்கும் டிரோபோனின் ரத்தத்தில் ஏறவே சில மணி நேரம் ஆகலாம்.

எதிர்ப்பக்கத் தவறும் ஆபத்தானதே. மகாதமனி கிழிந்த நோயாளிக்கு மாரடைப்பு என்று நினைத்துக் கட்டி கரைக்கும் மருந்தைக் கொடுத்தால் அதுவே உயிருக்கு உலையாகிவிடும்.

கோர்ட் படியில்

எனவே தவறிய கணிப்பு எல்லாமே குற்றம் அல்ல. ஈ.சி.ஜி. எடுத்து, திரும்பவும் எடுத்து, நோயாளியைக் கண்காணிப்பில் வைத்தும் நோய் பிடிபடவில்லை என்றால் அது பிழை. வியர்த்துக் கொட்டும் 50 வயதுக்காரரை ஈ.சி.ஜி.கூட எடுக்காமல் திருப்பி அனுப்பினால் அலட்சியம் என்ற கேள்வி எழும். சராசரித் திறமையுள்ள ஒரு டாக்டர் அந்த நிலையில் என்ன செய்திருப்பார் என்பதுதான் அளவுகோல்.

டாக்டர்களை நுகர்வோர் கோர்ட்டுக்கு இழுக்கலாமா என்பதே ஒரு காலத்தில் சர்ச்சையாக இருந்தது. கூடாது என்றது சென்னை உயர் நீதிமன்றம், 1994ல். மறு ஆண்டு நவம்பர் 13 அன்று வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது: கட்டணம் வாங்கிச் செய்யும் சிகிச்சை ஒரு சேவையே. சிலரிடம் கட்டணம் வாங்கும் மருத்துவமனையில் இலவசமாகப் பார்க்கப்படும் ஏழைக்கும் அதே உரிமை உண்டு. ஆனால் எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை இந்தச் சட்டத்துக்குள் வராது. பெயரளவுக்கு வாங்கும் பதிவுக் கட்டணம் இதை மாற்றாது. அரசு மருத்துவமனைகளையே பெரிதும் நம்பியிருக்கும் தீவுகளில் இது சின்ன விஷயம் அல்ல. அங்கே சிவில் கோர்ட்தான் வழி. அரசு டாக்டரின் அலட்சியத்துக்கு அரசே பொறுப்பு என்று 2000ல் ஹரியானா வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

தவறான நோய்க்கணிப்புக்கு முன்னுதாரணமும் உண்டு. ஆந்திராவில் மலேரியா துறை அதிகாரி ஒருவரின் மனைவிக்கே மலேரியா. தனியார் மருத்துவமனையோ டைபாய்டுக்கு மருந்து கொடுத்தது. அவர் இறந்தார். மாவட்ட மன்றம் வழங்கிய ரூ. 2 லட்சம் நஷ்டஈட்டை 2010ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. எல்லா வழக்கிலும் நிபுணர் சாட்சி கட்டாயம் இல்லை என்றும் சொன்னது.

அதே நீதிமன்றம் டாக்டர்களுக்கும் கவசம் தந்திருக்கிறது. 2005ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில், கிரிமினல் குற்றம் என்றால் அலட்சியம் மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும், டாக்டரை எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது என்றது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், சிகிச்சையின்போது அலட்சியத்தால் மரணம் நேர்ந்தால் டாக்டருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை. மற்றவர்களுக்கு ஐந்து ஆண்டு வரை.

நஷ்டஈடு போன உயிரைத் திருப்பித் தராது. தமிழ்நாட்டில் 2023 ஜூனில் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டம் வேறு திசையில் யோசிக்கிறது. மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் உள்ளிட்ட மாத்திரைகளைக் கொடுத்துவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதுதான் திட்டம். தூரம் அதிகமான இடங்களுக்கு இந்த யோசனை இன்னும் பொருந்தும்.

நோயாளியின் குடும்பம் செய்யக்கூடியதும் உண்டு. ஈ.சி.ஜி. எடுத்தீர்களா, மறுபடி எப்போது எடுப்பீர்கள் என்று கேட்பதில் தவறே இல்லை. உள்நோயாளியின் ஆவணங்களை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகள். நுகர்வோர் ஆணையத்தில் புகார் தர இரண்டு ஆண்டு அவகாசம். டாலிகஞ்சிலிருந்து சென்னைக்குக் கிளம்பும் குடும்பம் மறக்காமல் எடுத்துச் செல்ல வேண்டியது முதல் ஈ.சி.ஜி. தாளின் நகல். அடுத்த டாக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான். வழக்கென்று வந்தால் நீதிபதியும் அதைத்தான் கேட்பார்.