புகைபிடித்தலைக் கைவிட மருத்துவர் துணைநிற்கும் முறைகள்: அறிவுரையிலிருந்து சிகிச்சை வரை

ஆய்வுச் சுருக்கம்

புகைபிடிப்பவர் எந்த நோய்க்காக மருத்துவரை நாடினாலும், அப்பழக்கத்தைக் கைவிடச் செய்வதற்கான வாய்ப்பு அங்கு அமைகிறது. அவ்வாய்ப்பு பெரும்பாலும் ‘விட்டுவிடுங்கள்’ என்னும் ஒரு சொல்லோடு முடிந்துவிடுகிறது. அச்சொல்லுக்குப் பயன் உண்டு. ஆயினும் நாள் குறித்தல், மருந்து, தொடர்கவனிப்பு ஆகியவை சேரும்போதே அது சிகிச்சையாகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

குறிச்சொற்கள்: புகைபிடித்தல், நிகோட்டின், பீடி, மருத்துவர் அறிவுரை, தொடர்கவனிப்பு.

முன்னுரை

இந்தியாவில் 2016-17இல் நடைபெற்ற வயதுவந்தோர் புகையிலைப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 15 வயதும் அதற்கு மேலும் உடையோருள் 10.7 விழுக்காட்டினர் புகைபிடிப்பவர்கள். அவர்களுள் சிகரெட்டைவிடப் பீடி பிடிப்போரே மிகுதி. முந்தைய 12 மாதங்களில் மருத்துவரையோ பிற நலப்பணியாளரையோ சந்தித்த புகைபிடிப்போருள் 48.8 விழுக்காட்டினருக்கு மட்டுமே அதனை விடுமாறு அறிவுரை கூறப்பட்டுள்ளது. ஏறத்தாழப் பாதிப்பேர் அவ்வறிவுரையைப் பெறாமலேயே திரும்பியுள்ளனர். இவ்விடைவெளியை எவ்வாறு நிரப்புவது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

அறிவுரையின் வலிமையும் எல்லையும்

மருத்துவரின் சொல் எவ்வளவு பயன்தரும் என்பதை இலண்டனில் மைக்கேல் ரசலும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்து 1979இல் முடிவுகளை வெளியிட்டனர். 28 பொதுமருத்துவர்களிடம் வந்த 2,138 புகைபிடிப்போர் நான்கு குழுக்களாகப் பகுக்கப்பட்டனர். ஒரு மாதத்திற்குள் விட்டு, ஓராண்டு முடிவிலும் மீளாதிருந்தோர் விழுக்காடு பின்வருமாறு:

- எவ்விதத் தலையீடும் இல்லாதோர்: 0.3
- வினாநிரல் மட்டும் பெற்றோர்: 1.6
- அறிவுரை பெற்றோர்: 3.3
- அறிவுரையும் துண்டறிக்கையும் பெற்று, பின்னர் விசாரிக்கப்படுவர் என உணர்த்தப்பட்டோர்: 5.1

ஓரிரு நிமிடப் பேச்சு இவ்வளவு வேறுபாட்டை விளைவிப்பது வியப்புக்குரியது. மக்கள்தொகை அளவில் இது பெரும்பயன். எனினும், நான்காம் குழுவிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரால் விட இயலவில்லை. இதனை மனவுறுதிக் குறைவு என்று மட்டும் கொள்வது பிழையாகும்.

உடல்சார் காரணம்

இழுத்த புகையிலுள்ள நிகோட்டின் சில நொடிகளில் மூளையை அடைந்து இன்ப உணர்வைத் தூண்டுகிறது. நாளடைவில் மூளை அதற்குப் பழகிவிடுவதால், நிறுத்தியவுடன் எரிச்சல், அமைதியின்மை, உறக்கக்குலைவு, மிகுபசி ஆகியன தோன்றுகின்றன. இவை முதல் வாரத்தில் உச்சமடைந்து, பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணியும். இதனை முன்கூட்டியே அறிந்த நோயாளி, அத்துன்பத்தைத் தோல்வியின் அறிகுறியாகக் கருதாமல் மீட்சியின் ஒரு கட்டமாக ஏற்பார்.

ஐந்து படிகள்

கேட்டல், அறிவுறுத்தல், மதிப்பிடல், உதவுதல், தொடர்தல் என்னும் ஐந்து படிகளை மருத்துவ வழிகாட்டிகள் பரிந்துரைக்கின்றன.

கேட்கும்போது பீடி, சிகரெட், சுருட்டு என ஒவ்வொன்றையும் பெயர் சுட்டி வினவுதல் வேண்டும். ‘சிகரெட் பிடிப்பதுண்டா?’ என்ற வினாவுக்குப் பீடி பிடிப்பவர் ‘இல்லை’ என்று உண்மையாகவே விடையளிக்கக்கூடும். அறிவுறுத்தல் நோயாளியின் நோயோடு இயைந்திருத்தல் நலம். ‘புகை உடலுக்குக் கேடு’ என்பதினும் ‘உங்கள் கால்புண் ஆறாமைக்கு இதுவும் ஒரு காரணம்’ என்பது மனத்தில் பதியும்.

மதிப்பிடலில் இரண்டு வினாக்கள் இன்றியமையாதவை: விடும் விருப்பம் உண்டா? காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் பீடியோ சிகரெட்டோ பற்றவைக்கிறார்? அரைமணி நேரத்திற்குள் எனில் சார்புநிலை வலுவானது. உதவுதல் என்பது நாள் குறித்தல், தேநீர்க்கடை, உணவுக்குப் பிந்தைய பொழுது முதலிய தூண்டல்களை இனங்காணல், மருந்தளித்தல் ஆகியவற்றை உள்ளடக்கும்.

மருந்துகள்

நிகோட்டின் மெல்பசை, நிகோட்டின் ஒட்டுப்பட்டை, பியூப்ரோப்பியான், வரெனிக்லின் ஆகியன பயன்பாட்டில் உள்ளன. மெல்பசையைச் சாதாரண மிட்டாய்போல் தொடர்ந்து மெல்லலாகாது. காரச்சுவை தோன்றும்வரை மென்று, பின்னர்க் கன்னத்திற்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைத்தல் வேண்டும். இம்முறை அறியாதோர் பயனில்லையென விரைவில் கைவிடுவர். பியூப்ரோப்பியான், வரெனிக்லின் ஆகிய இரண்டும் வழக்கமாகக் குறித்த நாளுக்கு ஒரு வாரம் முன்னரே தொடங்கப்படும். வலிப்புநோய் உடையோருக்குப் பியூப்ரோப்பியான் பொருந்தாது.

மற்றொன்றும் கருதத்தக்கது. புகையிலுள்ள வேதிப்பொருள்கள் கல்லீரலில் சில மருந்துகளின் சிதைவை விரைவுபடுத்துகின்றன. எனவே புகையை நிறுத்தியபின் தியோபிலின், குளோசபின் போன்றவற்றின் அளவு இரத்தத்தில் உயரலாம். மருந்தளவை மீளாய்வு செய்தல் மருத்துவரின் கடமையாகும்.

தொடர்கவனிப்பு

குறித்த நாளுக்குப்பின் முதல் வாரத்திற்குள் ஒருமுறையும், முதல் மாதத்திற்குள் மீண்டும் ஒருமுறையும் விசாரித்தல் நன்று. நேரில் இயலாதவிடத்துத் தொலைபேசி போதுமானது. மீண்டும் புகைத்தவரைக் கடிந்தால், அவர் அடுத்த முறை உண்மையை மறைப்பார். எச்சூழலில் மீண்டார் என வினவி, புதிய நாளைக் குறிப்பதே முறை.

முடிவுரை

இரத்த அழுத்தத்திற்கு மருந்தளித்த மருத்துவர், அடுத்த வருகையில் அதனை அளந்து பார்க்காமல் விடுவதில்லை. புகைபிடித்தலுக்கும் அதே ஒழுங்கு தேவை. நோயாளிக் குறிப்பேட்டில் புகைநிலைக்கு ஓரிடம் ஒதுக்கி, ஒவ்வொரு வருகையிலும் அதனை நிரப்புவது, பெருஞ்செலவின்றி இன்றே தொடங்கத்தக்க முதற்செயலாகும்.