சீனி கூடிய தாயும் வயிற்றுப் பிள்ளையின் மூளையும்

"சீனி கூடியிருக்குன்னு மிஸ் சொன்னாங்க. பிள்ளையோட மூளையைக் காப்பாத்த மெலடோனின்னு ஒரு குளிசை இருக்காம். கொழும்புல வேலை செய்யிற தம்பி போன்ல பார்த்தானாம். அதை வாங்கிப் போட்டா சரியாயிடுமா?" கிளினிக் வாசலில் ஒரு தங்கச்சி கேட்ட கேள்வி இது. கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாது.

வயிற்றுப் பிள்ளையின் மூளையும் முதுகுத்தண்டும் முதலில் ஒரு தட்டையான தகடாகத்தான் இருக்கும். அது ரொட்டியைச் சுருட்டுவது போலச் சுருண்டு குழாயாகி மூடிக்கொள்ளும். கரு உண்டாகி 28 நாளுக்குள் இந்த வேலை முடிந்துவிடும். அதாவது குளிக்காமல் இரண்டு கிழமை தள்ளிப் போயிருக்கும், அவ்வளவுதான். பல பேருக்கு அப்போது கர்ப்பம் என்றே தெரியாது. குழாய் மேலே மூடாவிட்டால் மண்டையோடும் மூளையும் சரியாக உருவாகாது. கீழே மூடாவிட்டால் முதுகுத்தண்டு திறந்தே இருக்கும்.

தாயின் இரத்தத்தில் சீனி கூடினால் நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கும் கூடும். அதனால் என்ன கெடுதல்? ஃபெக்டரியில் அரைத்த கொழுந்தைப் பரப்பி வைத்தால் காற்றுப் பட்டுச் செம்பு நிறமாவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஏறக்குறைய அதே மாதிரியான ஒரு வேலை உடம்புக்குள்ளும் நடக்கிறது. அளவுக்கு மிஞ்சிய சீனி அதைத் தூண்டிவிடும். அப்போது வளர்ந்துகொண்டிருக்கும் மூளையின் உயிரணுக்கள் பழுதாகிச் செத்துப் போகின்றன.

இனி மெலடோனினுக்கு வருவோம். இது நம் எல்லாருடைய மூளையிலும், நெல்மணி போன்ற சிறிய சுரப்பி ஒன்றில், இரவில் இருட்டினால் சுரப்பது. 1958இல் அமெரிக்காவில் ஆரன் லேர்னர் என்ற டாக்டர் மாட்டின் சுரப்பியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். தூக்கத்துக்கு நேரம் காட்டுவது இதன் வேலை. நான் மேலே சொன்ன கெடுதலைத் தடுக்கும் குணமும் இதற்கு உண்டு. வயிற்றுப் பிள்ளைக்கு இது தாயிடமிருந்துதான் போகிறது.

சீனி வியாதி உண்டாக்கிய கர்ப்பிணி எலிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். குட்டிகளில் குழாய் மூடாத குறை குறைந்தது. மூளையின் மூல உயிரணுக்களும் கூடுதலாகப் பெருகின. நல்ல செய்திதான், ஆனால் எலிக்கு. மனிதத் தாய்மாரில் இது நிரூபிக்கப்படவில்லை. எவ்வளவு கொடுப்பது, எந்த மாதத்தில் கொடுப்பது என்பதற்கும் முடிவான அளவு இல்லை. ஆகவே தம்பி வாங்கி அனுப்பினாலும் டாக்டரைக் கேட்காமல் போட வேண்டாம். இரவில் விளக்கை அணைத்துத் தூங்குங்கள், அதற்குச் செலவில்லை. ஆனால் அது சீனிக்கு மருந்தாகாது.

நிச்சயமாகப் பயன் தரும் வழிகள் வேறு. ஏற்கனவே சீனி வியாதி உள்ளவர்கள் பிள்ளை பெற நினைக்கும்போதே டாக்டரிடம் சொல்லி சீனியைக் கட்டுப்படுத்த வேண்டும். ஃபோலிக் அமிலக் குளிசையையும் கரு உண்டாகும் முன்பே தொடங்க வேண்டும். கர்ப்பத்தில் புதிதாக வரும் சீனி பெரும்பாலும் பிந்தித்தான் வரும். அதனால் 24 முதல் 28 கிழமைக்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சோதனையைத் தவறவிடாதீர்கள். அன்றைக்குப் பேர் போட முடியாது என்று பின்போடுகிறவர்கள் நம்மில் நிறைய. உலக சுகாதார நிறுவனம் 2013இல் சொன்ன கணக்குப்படி, வெறும் வயிற்றில் 92 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் அது கர்ப்பகாலச் சீனி.

நாளைக்கு ஆறு கோப்பை பிளேன்டீ, கோப்பைக்கு இரண்டு கரண்டி சீனி என்றால் பன்னிரண்டு கரண்டி. அதை முதலில் நிறுத்துங்கள். கருப்பட்டியும் சீனிதான், அதிலே ஏமாற வேண்டாம்.

"ஊசி போட்டா பிள்ளைக்கு ஆகாது" என்று இன்சுலினை ஒளித்து வைக்கும் மாமியார்மார் இருக்கிறார்கள். இது தவறு. நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளையிடம் போவது சீனிதான், இன்சுலின் அல்ல. ஆனால் ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் மலை ஏறினால் மயக்கம் வரும். வியர்த்து, கை நடுங்கினால் கூடையை இறக்கிவிட்டு மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். அதற்கென்று ஒரு சிறு பொட்டலம் மடியில் இருக்கட்டும்.

பிள்ளை பிறந்த பிறகும் கவனம் வேண்டும். வயிற்றில் வந்துகொண்டிருந்த சீனி கொடி வெட்டியதும் நின்றுவிடும். பிள்ளையின் இன்சுலினோ அப்படியே இருக்கும். அப்போது பிள்ளைக்குச் சீனி இறங்கினால் வலிப்பு வரலாம், மூளையும் பாதிக்கப்படலாம். ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுங்கள். பிள்ளையின் குதிகாலில் குத்தி இரத்தம் பார்த்தால் பயப்படாதீர்கள், இதற்காகத்தான் பார்க்கிறார்கள். பிள்ளை சோர்ந்து பால் குடிக்க மறுத்தாலோ உடம்பு நடுங்கினாலோ உடனே மிஸ்ஸிடம் சொல்லுங்கள்.

தாய்க்கு ஆறு கிழமை கழித்து மறுபடி சோதனை உண்டு. அன்றைக்கும் கிளினிக் காட்டைக் கொண்டு போங்கள்.