ஓடாத வண்டியும் கட்டாத தவணையும்



உங்கள் வீட்டு வாசலில் ஒரு மோட்டார் சைக்கிளோ, முச்சக்கர வண்டியோ, வேனோ நிற்கலாம். அதன் காப்புறுதி எந்தத் திகதியில் முடிகிறது, எத்தனை தவணையாகக் கட்டப்படுகிறது, அடுத்த தவணை எப்போது என்று கேட்டால் உங்களில் எத்தனை பேரால் பதில் சொல்ல முடியும்? லைட் பில், தண்ணீர் பில், பிள்ளைகளின் டியூஷன் காசு, சீட்டுக் காசு ஆகிய எல்லாவற்றின் திகதியும் உங்களுக்கு மனப்பாடம். வண்டியின் காப்புறுதி என்றால் மட்டும், "அது அவருடைய வேலை" என்று ஒதுங்கிவிடுகிறீர்கள். அவரோ, "பிறகு பார்ப்போம்" என்று ஒதுக்கிவிடுகிறார். இப்படி இருவருமே கவனிக்காமல் விட்ட ஒரு காரியம் ஒரு குடும்பத்தை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

என்னிடம் ஓதும் ஒரு மாணவனின் தாயார் ஒருநாள் மத்ரஸாவுக்கு வந்தார். மகனின் மாதாந்தக் கட்டணத்துக்குச் சில மாதம் தவணை கேட்கவே வந்திருந்தார். கையில் வளையல் இல்லாததைத் தாமாகவே சுட்டிக்காட்டி, நடந்ததைச் சொன்னார்.

கணவர் முச்சக்கர வண்டி ஓட்டுபவர். வண்டிக்கு முழுக் காப்புறுதி எடுத்து, ஆண்டுக் கட்டணத்தை நான்கு தவணையாகக் கட்ட ஒப்புக்கொண்டிருந்தார். 2022 ஆம் ஆண்டு ஜனவரித் தவணையும் ஏப்ரல் தவணையும் கட்டியாயிற்று. அதன் பிறகு நாட்டில் என்ன நடந்தது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெற்றோல் வரிசையில் இரவு பகலாக நின்ற நாட்கள் அவை. வண்டி வாசலிலேயே நின்றது.

"ஓடாத வண்டிக்கு என்னத்துக்கு இன்சூரன்ஸ் எண்டு அவர் சொன்னார், மௌலவி. எனக்கும் அது சரி எண்டுதான் பட்டிச்சு. அந்தக் காசில அரிசியும் பால்மாவும் வாங்கினோம்" என்றார் அந்தத் தாய்.

அவரை யார் குறை சொல்ல முடியும்? பிள்ளைகளின் பசிக்கு முன்னால் ஒரு காகிதம் பெரிதாகத் தெரியாது. ஆனால் ஆகஸ்டில் கியூஆர் முறை வந்தது. வாரத்துக்கு 5 லீட்டர் பெற்றோல் கிடைத்தது. வண்டி மீண்டும் பாதையில் இறங்கியது. காப்புறுதித் தவணையோ நினைவுக்கு வரவில்லை. நிறுவனம் அனுப்பிய கடிதம் அவர்கள் முன்பு வாடகைக்கு இருந்த வீட்டுக்குப் போயிற்று. தொலைபேசிக்கு வந்த குறுஞ்செய்தியை அவர் விளம்பரம் என்று நினைத்துத் திறக்கவேயில்லை. ஒக்டோபர்த் தவணையும் தவறியது.

நவம்பரில் ஒரு மழை நாள். மஃரிபுக்குச் சற்று முன், சைக்கிளில் வந்த ஒரு முதியவர் மீது வண்டி மோதியது. அல்லாஹ்வின் உதவியால் உயிர் தப்பினார். கால் முறிந்தது. நாட்கூலிக்கு வேலை செய்து மனைவியைக் காப்பாற்றி வந்தவர் அவர். காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்தபோதுதான், தவணை தவறியதால் ஒப்பந்தம் இரத்தாகிவிட்டது என்ற செய்தி கிடைத்தது. வண்டியில் இருந்த காப்புறுதி அட்டையில் 2023 ஜனவரி வரை என்றே திகதி இருந்தது. நிறுவனம் பொறுப்பேற்க மறுத்தது. வழக்குக்குப் போகாமல் இரு தரப்பும் பேசித் தீர்த்தார்கள். முதியவரின் மருத்துவச் செலவு, மாதக்கணக்காக இழந்த கூலி, சைக்கிள் எல்லாம் சேர்த்து இரண்டரை இலட்சம் ரூபா. கட்டாமல் விட்ட இரண்டு தவணையும் 16,000 ரூபா. மஹராகப் பெற்ற வளையல்களை அந்தப் பெண் விற்றார். மஹர் மனைவிக்கே உரிய சொத்து. கணவர் அதை உரிமையாகக் கேட்க முடியாது. அவர் மனமுவந்துதான் கொடுத்தார். என்றாலும் வெறும் கைகளைப் பார்த்தபடி அவர் அதைச் சொன்னபோது என்னால் பதில் பேச முடியவில்லை.

தவணை தவறினால் நடப்பது என்ன?

வாகனக் காப்புறுதி நமது நாட்டில் இருவகைப்படும். ஒன்று, மூன்றாந் தரப்புக் காப்புறுதி. நமது வண்டியால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கு அது பொறுப்பேற்கும். 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, இந்தப் பாதுகாப்பேனும் இல்லாமல் பாதையில் வண்டி ஓட்டுவது குற்றம். மற்றது, முழுக் காப்புறுதி. அது நமது வண்டிக்கு நேரும் சேதத்தையும் சேர்த்துப் பொறுப்பேற்கும்.

ஆண்டுக் கட்டணத்தைத் தவணையாகக் கட்ட நிறுவனம் இணங்கும்போது, குறித்த நாளுக்குள் பணம் வராவிட்டால் பாதுகாப்பு நின்றுவிடும் என்ற நிபந்தனை ஒப்பந்தப் பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கும். நாம் அதை வாசிப்பதில்லை. பத்திரம் அலுமாரிக்குள் போய்விடும், அட்டை வண்டிக்குள் போய்விடும். அட்டையில் திகதி இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடுகிறோம். சகோதரிகளே, அட்டை ஓர் அடையாளம் மட்டுமே. ஒப்பந்தம் இரத்தாகிவிட்டால் அந்த அட்டையைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். அதைக் காட்டி வண்டி ஓட்டுவது பொலிஸாரையும் ஏமாற்றுவது, நம்மையும் ஏமாற்றிக்கொள்வது.

இரத்தானதோடு கணக்கு முடிந்துவிடும் என்றும் எண்ணக் கூடாது. காப்புறுதி நடைமுறையில் இருந்த நாட்களுக்குரிய கட்டணத்தில் மீதி ஏதும் இருந்தால் அது நமது கடன். விபத்து ஒன்றும் நடக்கவில்லை, எனவே கொடுக்க வேண்டியதில்லை என்பது சரியல்ல. அந்த நாட்களில் விபத்து நடந்திருந்தால் நாம் அவர்களிடம் கேட்டிருப்போம் அல்லவா?

லீசிங்கில் எடுத்த வண்டியென்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. கடன் தீரும்வரை அந்த வண்டியின் முழு உரிமையாளர் லீசிங் நிறுவனமே. காப்புறுதி நிற்பதை அவர்கள் பொறுக்க மாட்டார்கள். தாங்களே காப்புறுதியை எடுத்து, அந்தச் செலவை உங்கள் கணக்கில் ஏற்றவும் கூடும். மேலும், காப்புறுதிச் சான்றிதழ் இல்லாமல் பிரதேச செயலகத்தில் ஆண்டு வருமான அனுமதிப்பத்திரமும் எடுக்க முடியாது.

கழிவை இழந்தால் வரும் நஷ்டம்

பலருக்கும் தெரியாத நஷ்டம் ஒன்று இருக்கிறது. ஓராண்டு முழுவதும் நஷ்டஈடு எதுவும் கோராவிட்டால், அடுத்த ஆண்டுக் கட்டணத்தில் நிறுவனம் ஒரு கழிவு தரும். ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தக் கழிவு வளரும். "நோ கிளெய்ம் போனஸ்" என்று முகவர்கள் சொல்வது இதைத்தான். இது கவனமாக வண்டி ஓட்டியவர் பல ஆண்டுகளாகச் சேர்த்த சேமிப்பு போன்றது.

காப்புறுதி இரத்தாகி இடைவெளி விழுந்தால் இந்தக் கழிவு ஆபத்துக்குள்ளாகிறது. எத்தனை நாள் இடைவெளியைப் பொறுப்பார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். அந்த எல்லையைத் தாண்டினால் நீங்கள் புதிதாகச் சேர்பவரைப் போலவே நடத்தப்படுவீர்கள். வேறு நிறுவனத்துக்குப் போனால், பழைய நிறுவனத்தின் கடிதத்தைக் கேட்பார்கள். பழைய நிறுவனத்தில் பாக்கி இருந்தால் அந்தக் கடிதத்தைப் பெறுவது இலகுவல்ல.

ஓர் உதாரணத்துக்குக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு வேனுக்குக் கழிவில்லாத ஆண்டுக் கட்டணம் 60,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கழிவு நூற்றுக்கு 40. நீங்கள் கட்டுவது 36,000 ரூபா. நான்கு தவணையில், ஒரு தவணை 9,000 ரூபா. கடைசித் தவணையைக் கட்டாமல் விட்டுக் கழிவை இழந்தால், மறு ஆண்டு 60,000 ரூபா கட்ட வேண்டும். அதன் பின் ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்தாகக் கழிவு ஏறினால் 54,000, 48,000, 42,000 என்று இறங்கும். நான்கு ஆண்டில் 204,000 ரூபா. பழைய கழிவு அப்படியே இருந்திருந்தால் 144,000 ரூபா. மேலதிகமாகப் போனது 60,000 ரூபா. மீதம் பிடித்ததாக நினைத்ததோ 9,000 ரூபா!

நான் சொன்ன அந்த வண்டிக்காரருக்கும் இதுவே நடந்தது. விபத்துக்குப் பின் புதிதாகக் காப்புறுதி எடுக்கப் போனார். வண்டியைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார்கள். பழைய கழிவு இல்லை என்றார்கள். தவணையும் இல்லை, முழுப் பணத்தையும் ஒரேயடியாகக் கட்டச் சொன்னார்கள்.

"இன்சூரன்ஸ் ஹராம்தானே?"

நம்மவர் சிலர் தவணை தவறிய பிறகு இப்படிக் கேட்பதுண்டு. கட்டும்போது வராத மார்க்க அச்சம், கட்ட முடியாதபோது மட்டும் வருவது நேர்மையல்ல.

வணிகக் காப்புறுதி பற்றி உலமாக்களின் ஆட்சேபனை உண்மையானதே. 1985 ஆம் ஆண்டு ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, வணிகக் காப்புறுதியைத் தடுத்து, கூட்டுறவு அடிப்படையிலான காப்புறுதியை அதற்குப் பகரமாக எடுத்துக் காட்டியது. "தகாபுல்" என்று நாம் சொல்வது அந்த வழியையே. அதற்கு முன்னரே, 1979 இல், சூடானில் இஸ்லாமியக் காப்புறுதி நிறுவனம் தோன்றியது. நமது நாட்டில் தகாபுல் 1999 இல் ஆரம்பமானது. ஆகவே மார்க்கப் பேணுதல் உள்ளவர் செய்ய வேண்டியது வழியை மாற்றுவதே. பாதுகாப்பே இல்லாமல் பாதையில் இறங்குவதல்ல. தகாபுலில் நாம் கட்டுவது, ஒருவருக்கொருவர் உதவ ஒப்புக்கொண்டு பொது நிதியில் இடும் பங்கு. அங்கே தவணை தவறினால் சக பங்காளிகளுக்குக் கொடுத்த வாக்கே தவறுகிறது. ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி முஃமின்களுக்கு இடும் கட்டளையோடுதான் அல்மாஇதா அத்தியாயம் தொடங்குகிறது என்பதை மறந்துவிடலாகாது.

இன்னொன்றையும் சிந்தியுங்கள். தவறுதலாகச் செய்ததற்குப் பாவமில்லை; ஆனால் பிறருக்கு ஏற்பட்ட நஷ்டத்தின் பொறுப்பு அதனால் நீங்கிவிடாது. இது பிக்ஹில் தெளிவான சட்டம். தவறுதலாக ஓர் உயிர் போய்விட்டால் தியத் கொடுக்க வேண்டும் என்று அந்நிஸா அத்தியாயம் கூறுகிறது. அந்தப் பாரத்தைத் தனியொருவர் சுமக்க முடியாது என்பதால், அவரது "ஆகிலா", அதாவது தந்தைவழி உறவினர், பங்கிட்டுச் செலுத்தும் முறை இருந்தது. இன்று நமக்காக இலட்சக்கணக்கில் பங்கிட்டுக் கொடுக்க எந்தக் குடும்பம் முன்வரும்? உலமாக்கள் தகாபுலுக்கு ஆதாரமாக இந்த ஆகிலா முறையையும் காட்டுவது இதனால்தான். சைக்கிளில் வந்த அந்த முதியவர் எந்த இனம், எந்த மதம் என்று நான் சொல்லவில்லை. அவருடைய ஹக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனமே குர்ஆனின் மிக நீண்ட வசனம். உங்கள் வீட்டுக் கணக்குக் கொப்பியில் வண்டிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஒப்பந்த இலக்கம், தொடங்கும் திகதி, முடியும் திகதி, தவணை நாட்கள், நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை எழுதுங்கள். தவணை நாளுக்குப் பத்து நாள் முன்னதாக அவருக்கு நினைவூட்டுங்கள்.

முகவரிடம் காசு கொடுத்தால் நிறுவனத்தின் பற்றுச்சீட்டை அன்றே கேட்டு வாங்குங்கள். "நம்ம ஊர் ஆள்தானே" என்று விட்டுவிட வேண்டாம். வீடு மாறினாலும் தொலைபேசி இலக்கம் மாறினாலும் நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

கையில் காசில்லையென்றால் மறைந்திருக்க வேண்டாம். தவணை நாளுக்கு முன்பே போய்ப் பேசுங்கள். கால அவகாசம் தருவார்களா, லீசிங் இல்லாத வண்டியென்றால் முழுக் காப்புறுதியை மூன்றாந் தரப்பாக மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். எல்லோரும் இணங்குவார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாள் கடந்த பின் கேட்பதைவிட முன்னால் கேட்பவருக்கே வழி பிறக்கும். நிறுத்துவதென்றே முடிவு செய்தால், எழுத்தில் கொடுத்து நிறுத்துங்கள். கழிவுக்குரிய கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள். புதிய காப்புறுதி கைக்கு வரும்வரை வண்டியைப் பாதையில் இறக்க வேண்டாம்.

நிறுவனம் அநீதி செய்ததாகக் கருதினால் முதலில் அவர்களுக்கே எழுத்தில் முறையிடுங்கள். பதில் திருப்தி தராவிட்டால், காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடமோ இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமோ முறையிட வழி இருக்கிறது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் ஒரு கிராமவாசிக்குக் கற்றுக் கொடுத்ததை நாம் மிம்பர்களில் அடிக்கடி கேட்கிறோம். இன்று நமது ஒட்டகம் வாசலில் நிற்கும் வண்டிதான்.

அந்த மாணவனுக்கு மத்ரஸாவில் தவணை கொடுத்தோம். இப்போது குர்ஆனில் பாதிக்கு மேல் மனனம் செய்துவிட்டான், அல்ஹம்துலில்லாஹ். அவன் தாயாரை அண்மையில் கண்டேன். "இப்ப தவணை நாளை நான்தான் பார்க்கிறேன், மௌலவி. சுவர்க் கலண்டரில சிவப்புப் பேனையால வட்டம் போட்டு வச்சிருக்கேன்" என்றார்.

சகோதரியே, இன்று இரவு அவர் வீடு வந்து, சாப்பிட்டு முடித்து, சற்று ஓய்வாக இருக்கும்போது மெதுவாகக் கேளுங்கள்: "வண்டிட இன்சூரன்ஸ் கடைசியா எப்ப கட்டினீங்க?" வல்ல அல்லாஹ் நம் அனைவரையும், நம்மால் பிறருக்கு வரக்கூடிய தீங்குகளை விட்டும் பாதுகாப்பானாக.