வெட்டும் பிரிப்பும்: திசையன் வரைகலையில் தமிழெழுத்து

நெகிரி செம்பிலானின் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடங்கொடுத்துவிட்டன. லாபு, ரந்தாவ், பகாவ் போன்ற வட்டாரங்களில் பழைய தோட்டப் பெயர்களை இன்னும் தாங்கி நிற்பவற்றுள் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகள் முதன்மையானவை. முன்பு அப்பலகைகளைத் தூரிகை பிடித்த கை எழுதியது. இன்று கணினியில் வரைந்த எழுத்தை ஒட்டுத்தாளில் இயந்திரம் வெட்டித் தருகிறது. அவ்வெட்டு நிகழும் முறையை அறியாதார் கையில் தமிழெழுத்து எளிதில் சிதையும். ஆகவே, அம்முறையை இங்கு விளக்க முற்படுகிறோம்.

திசையன் வரைகலையில் எழுத்து என்பது புள்ளிகளை இணைத்துச் செல்லும் பாதை. பாதையில் கோடு நின்று திரும்பும் இடத்தைக் கணு என்போம். கரும்பிலும் மூங்கிலிலும் நாம் காணும் கணுவே இச்சொல்லுக்கு அடிப்படை. கணுவிலிருந்து நீளும் பிடி, வளைவு எப்பக்கம், எவ்வளவு சாய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டு கணுக்களும் இரண்டு பிடிமுனைகளும் சேர்ந்தால் ஒரு வளைவு. இதனைப் பெசியே வளைவு என்பர். பிரான்சு நாட்டின் ரெனோ மகிழுந்து நிறுவனத்தில் பணியாற்றிய பியேர் பெசியே இதனைப் பரப்பினார். ஆயினும், அவருக்கு முன்னரே, 1959இல், சித்ரோயன் நிறுவனத்தைச் சேர்ந்த பால் தெ காஸ்தெல்ஜோ இவ்வளைவைப் பிரிக்கும் வழியைக் கண்டிருந்தார். பெயர் ஒருவருக்கும் வழி மற்றவருக்கும் போய்ச் சேர்ந்தன.

அவ்வழி, மாணவர் தாளிலேயே செய்து பார்க்கத்தக்க அளவு எளியது. (0,0), (0,4), (4,4), (4,0) என நான்கு புள்ளிகளைக் கொள்வோம். முதலதும் இறுதியும் கணுக்கள், இடையிலுள்ளவை பிடிமுனைகள். அடுத்தடுத்த புள்ளிகளின் நடுவைக் குறித்தால் (0,2), (2,4), (4,2) கிடைக்கும். அவற்றின் நடு (1,3), (3,3). அவ்விரண்டின் நடு (2,3). வளைவின் மீது வெட்டு விழும் இடம் அதுவே. இடப்பக்கத் துண்டின் புள்ளிகள் (0,0), (0,2), (1,3), (2,3). வலப்பக்கத் துண்டின் புள்ளிகள் (2,3), (3,3), (4,2), (4,0). ஒரு வளைவு இரண்டாயிற்று. வடிவமோ மயிரிழையும் மாறவில்லை. நடுவுக்குப் பதிலாக மூன்றிலொரு பங்கில் வெட்ட விரும்பினால், ஒவ்வொரு படியிலும் அதே பங்கைக் கொள்ள வேண்டும்.

பால்மரம் சீவியவரைக் கண்ட குடும்பங்களுக்கு இது புதிதன்று. ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில், மெல்லிய பட்டையை மட்டும் சீவி, உள்ளிருக்கும் வளர்படையை உளி தொடாமல் காப்பதே அத்தொழிலின் நுட்பம். ஆழம் தப்பினால் புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். பின்னர் அங்கே சீராகச் சீவ இயலாது. வரைகலையிலும் அதே நிலைதான். கணுவை அழித்துவிட்டுக் கண்ணளவாக வேறோரிடத்தில் வைத்தால், வளைவு புடைத்துக்கொள்ளும்.

இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளில் கத்தரிக்கோல் கருவி பாதையை ஓரிடத்தில் திறந்துவிடும். கத்திக் கருவி மூடிய வடிவத்தை அறுத்து, மூடிய துண்டுகளாகவே தரும். இங்க்ஸ்கேப்பில் கணுவைத் தேர்ந்து அவ்விடத்திலேயே பாதையை முறிக்கலாம். இவற்றினும் கவனம் வேண்டுவது, கூட்டுப்பாதையைப் பிரிக்கும் கட்டளை. ‘அ’, ‘ண’ போன்ற எழுத்துகளில் சுழிக்குள் வெற்றிடம் உண்டு. அவ்வெற்றிடமும் ஒரு பாதையே. பிரிக்கச் சொன்னவுடன் உட்பாதை தனி வடிவமாகி நிறத்தால் நிரம்பும். சுழி அடைபட்டுப் போகும். வெற்றிடத்தைக் காத்துப் பிரிக்கும் கட்டளை இங்க்ஸ்கேப்பின் அண்மைப் பதிப்புகளில் உண்டு. அதனையே பயன்படுத்துமாறு வேண்டுகிறோம்.

மெய்யெழுத்தின் புள்ளியும் தனிப்பாதைதான். ‘தமிழ்ப்பள்ளி’ என்னும் ஒரு சொல்லில் மூன்று புள்ளிகள் இருக்கின்றன. எழுத்தை நகர்த்தும்போது புள்ளி பின்தங்கினால் மெய் உயிர்மெய்யாகிவிடும். ‘மி’யில் வேறொரு சிக்கல் எழுகிறது. பல எழுத்துருக்களில் இகரக் குறி மகரத்தின் மேல் சற்றே ஏறி நிற்கும். திரையில் அது தெரியாது. ஆனால் வெட்டும் இயந்திரம் இரு பாதைகளையும் உண்மையாகவே வெட்டும். எழுத்தின் நடுவே பிளவு விழும். எனவே வெட்டுமுன் இரண்டையும் ஒன்றித்தல் வேண்டும். பிரிக்கக் கற்பவர் ஒன்றிக்கவும் கற்க வேண்டியவராகிறார்.

தமிழெழுத்தில் பெரிய வெட்டு ஒன்று கணினிக்கு வெளியே நிகழ்ந்தது. 1978இல் தமிழ்நாட்டரசு ஏற்ற சீர்திருத்தம் 13 எழுத்துகளின் வடிவை மாற்றியது. ணை, லை, ளை, னை ஆகியவற்றின் தலையில் தும்பிக்கைபோல் ஒட்டியிருந்த ஐகாரக் குறி நீங்கி, தனிக்குறியாக முன்னே வந்தது. ணா, றா, னா ஆகியவற்றின் கால் பிரிந்து நின்றது. ஓர் உயிர்க்குறியை ஒருமுறை வரைந்து எல்லா மெய்க்கும் பொருத்தும் வசதியை எழுத்துரு வடிப்போர் இதனால் பெற்றனர். ஆப்பிள் கணினிகளில் உள்ள இணைமதி எழுத்துருவை வடித்தவர் மலேசியரான முத்து நெடுமாறன் என்பதும் மாணவர் அறியத்தக்கது.

கலைச்சொல் பற்றி ஒரு கருத்து. பாதையைப் பிரிப்பதற்குத் ‘துண்டாடல்’ என்னும் சொல்லைச் சிலர் முன்மொழியலாம். இந்நாட்டில் அச்சொல் தோட்டங்களைக் கூறுபோட்டு விற்றதையும், அதனால் தொழிலாளர் வேலையும் குடியிருப்பும் இழந்ததையும் சுட்டி நிற்கிறது. அதற்கு மாற்றாகவே துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். அவ்வளவு கனத்த சொல்லை வரைகலைக்கு இழுக்க வேண்டியதில்லை. ஒரு புள்ளியில் திறப்பதை ‘வெட்டு’ என்றும், பகுதிகளாக்குவதைப் ‘பிரிப்பு’ என்றும் வழங்கலாம் எனக் கருதுகிறோம்.

எழுத்தைப் பாதையாக மாற்றியபின் கணினிக்கு அது தமிழன்று, வெறும் வடிவம். தேடினால் கிடைக்காது, பிழை திருத்தவும் தட்டச்சு உதவாது. ஆதலால் பள்ளிகள் இரு கோப்புகளை வைத்திருத்தல் நன்று: ஒன்று, ஒருங்குறியில் தட்டச்சிட்ட மூலம், மற்றொன்று, அச்சகத்துக்கு அனுப்பும் பாதை வடிவம். பலகை மாறும்போது, ஆசிரியர் முதற்கோப்பைத் திறந்து மூன்று புள்ளிகளையும் எண்ணிப் பார்த்துவிட்டு இரண்டாவதைப் புதிதாக ஆக்கிக்கொள்ளலாம்.